பூந்தொட்டிக்குள்ள இன்சுலின்

காலைல எட்டு மணிக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு, தெரு மொத்தமும் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதுக்கெல்லாம் அந்த வீட்டுப் பொண்ணு அசரல. ஃப்ரிட்ஜ் நின்னதும்தான் எழுந்து ஓடினா. உள்ள அத்தையோட இன்சுலின், ஒரே ஒரு சீசா. சூட்டுல கெட்டுப்போனா சாயங்காலம் போட வேற கிடையாது. மருந்துக்கடைக்காரர் திங்கக்கிழமைதான் சரக்கு வரும்னுட்டார்.

வீடு மூணாவது மாடி, மேல தகரக் கூரை. ஒம்பது மணிக்கே சுவத்துல கை வைக்க முடியல. அம்மா வேலைக்குப் போயாச்சு. அத்தை ஈரத்துண்டத் தலைல போட்டுக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி சட்டைக்கு பட்டன் தச்சுக்கிட்டிருந்தாங்க.

ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடினா. ஊரே அங்கதான் நின்னுச்சு. இவ முறை வர்றதுக்குள்ள கடைக்காரர் கைய விரிச்சுட்டார். சரி, நம்ம கையே நமக்கு உதவின்னு திரும்பி வந்தா. காஞ்சுபோன செடியப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு பெரிய மண் தொட்டி, அதுக்குள்ள ஒரு சின்னது, நடுவுல பக்கத்துல கட்டுற கட்டடத்து மணல், மணல் நிறையத் தண்ணி. சீசாவ ஒரு டப்பாவுல மூடி உள்ள வச்சு, மேல ஈரச் சாக்கு. எல்லாத்தையும் வெயிலே எட்டிப் பாக்காத கட்டிலுக்கு அடில தள்ளி, கதவையும் சாத்திட்டா. பெருமை தாங்கல.

பன்னெண்டு மணிக்குக் கைய விட்டுப் பாத்தா, டப்பா வெதுவெதுன்னு இருந்துச்சு.

அத்தைகிட்ட சொல்ல வாய் வரல. சாக்கு மட்டும் காலைல நனைச்ச ஈரத்தோட அப்படியே இருந்துச்சு. இன்னொரு வாளி தண்ணிக்குப் படியிறங்கினப்பத்தான், படி திரும்புற எடத்து ஜன்னல் காத்து வேர்த்த முதுகுல பட்டு ஜில்லுன்னுச்சு. அட, ஈரம் காஞ்சாத்தானே குளிரும். இவ காத்தே இல்லாத எடத்துல கொண்டுபோய் அடைச்சு வச்சிருக்கா.

தொட்டியத் தூக்கிட்டு வந்து அந்த ஜன்னல் நிழல்ல வச்சா. கீழ் வீட்டு மாமா, மாடி முழுக்க அவருக்கு ஹாரன்னுதான் பேரு, வழில எவ வச்சான்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்தார்.

"மருந்து மாமா. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கும். தாண்டிப் போங்க."

சொல்லிட்டு இவ தொட்டிய விட்டு நகரல. அவர் முணுமுணுத்துக்கிட்டே தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்துல அவர் வீட்டுக் கதவு ரெண்டும் விரியத் திறந்துச்சு. காத்து படி வழியா பிச்சுக்கிட்டு வந்துச்சு. உன் தொட்டிக்காக இல்ல, எனக்கு வேர்க்குதுன்னார்.

அரை மணிக்கொரு சொம்பு தண்ணி ஊத்தினா. மூணு மணிக்கு டப்பா ஜில்லுன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் படிய விட்டு எழுந்திருக்கவே இல்ல.

ஆறரைக்கு அத்தை சீசாவ வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. மத்தியானம் நடந்த கூத்த அப்பத்தான் இவ ஒப்புக்கிட்டா, அதுவும் பாதி அழுகையோட. அத்தை திட்டல.

"கொஞ்ச நேரம் வெதுவெதுன்னு இருந்தா செத்தா போயிடும்? போட்டுட்டு சர்க்கரையப் பாத்துடுவோம். மூஞ்சிய ஏண்டி இப்படி வச்சிருக்க, ஊசி எனக்குத்தானே?"

ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாத்தாங்க. சர்க்கரை ஒழுங்கா எறங்கியிருந்துச்சு. மிஷின இவ கைல வாங்கி அந்த நம்பர மறுபடியும் ஒருதரம் பாத்தா. கரண்ட் இன்னும் வந்தபாடில்ல. வராட்டிப் போகட்டும்னு சீசாவ டப்பாவுல போட்டு, தண்ணிய எடுத்துக்கிட்டு ஜன்னல் தொட்டிக்குப் படியிறங்கினா.