அண்ணன் முதுகுக்கு ஏழு காசு

இறந்துபோன அண்ணனை ஒருபக்கமாகப் புரட்டிப் பிடித்து ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த தெகுவானின் கை நின்றது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை வரிவரியாகச் சிவப்புக் கோடுகள். காய்ச்சல் இறங்கச் செம்புக்காசின் ஓரத்தால் முதுகை அழுத்தி இழுக்கும் கைவைத்தியத்தின் தடம்.

"முந்தாநாள் நான் இழுத்துவிட்டது," என்றாள் அண்ணி. "உடம்பெல்லாம் அனலா இருக்கு, காசால இழுன்னாரு. எண்ணெயத் தொட்டு இழுத்தேன். இப்பத்தான் சுகமா இருக்குன்னு தூங்கினாரு. அப்புறம் சரியா பேசவே இல்ல."

இருபத்திரண்டு வருடம் கழித்து இன்றுதான் தெகுவான் இந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறார். அண்ணன் மகன் ஹைபோ சொல்லி அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனசு கேட்காமல் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் ஒரு செம்புக்காசால் வந்த வினை. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழங்காசுகளை அண்ணனும் தம்பியும் சந்தை சந்தையாக அலைந்து சேர்த்தவர்கள். ஒருமுறை அண்ணனிடம் ஒரு தாய்க்காசு அகப்பட்டது. சீனத்தை ஆண்ட கியான்லோங் மன்னர் காலத்தில் அப்படி ஒன்றை மணலில் அழுத்தித்தான் அச்சு எடுப்பார்கள். கடைவீதியில் புழங்கியதெல்லாம் அதன் பிள்ளைகள். தாய் கொஞ்சம் பெரிது, அதன் ஓட்டை கொஞ்சம் சிறிது. இருவரும் அதை மாற்றி மாற்றிப் பார்த்துக் குடித்துக் கொண்டாடிய மறுநாள், காசைக் காணவில்லை. "நீதான்டா எடுத்தே," என்றார் அண்ணன். அதோடு பேச்சு அறுந்தது. 'நீ எடுக்கலைடா' என்று என்றைக்காவது சொல்லிவிட மாட்டாரா என்று தெகுவான் காத்திருந்தார். இனி அதற்கும் வழியில்லை.

சடங்கு செய்ய வந்த ஹோ பெரியவர் சவப்பெட்டியில் மெத்தையை விரிக்கப்போனவர் நிமிர்ந்தார். "முதுகுக்கு அடியில போட ஏழு பழங்காசு வேணும். கூடப்பொறந்தவர் கையால வச்சா நல்லது."

தெகுவானின் பார்வை பழக்கத்தில் காசு அலமாரிக்குப் போனது. ஹைபோ வந்து அதன் முன்னால் நின்றான்.

"இதத் தொடாதீங்க சித்தப்பா. ஏற்கெனவே ஒண்ணு கொறையுது."

அண்ணி விறுவிறுவென்று சமையல் அறைக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "முதுகு இழுக்குற காசுங்க. இதுல எடுத்துக்குங்க."

எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போன காசுகள். வெறுமனே ஏழு காசை எண்ணிக் கொடுத்துவிட தெகுவானால் முடியவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, எந்த மன்னர், எந்த நாணயச் சாலையில் வார்த்தது என்று பார்த்தார். ஐந்தாவதில் கட்டைவிரல் நின்றது. ஜன்னலுக்கு எடுத்துப் போனார். சிறிய ஓட்டை. கத்தியால் வெட்டியது போல எழுத்து. ஒருபக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இது எங்க கெடச்சது அண்ணி?"

"அந்தப் பெருசா? வினிகர் ஜாடிய நகத்தினப்ப அடியில கெடந்துச்சு. ரொம்ப வருசமாச்சு. கிண்ணத்துல போட்டேன். உங்கண்ணனுக்கு அதுதான் புடிக்கும். குப்புறப் படுத்துக்கிட்டு, அந்தப் பெருசால இழு, அதுதான் நல்லா இழுக்குதும்பாரு."

அண்ணிக்கு ஓட்டைக்காசெல்லாம் ஒன்றுதான். இத்தனை தகராறுக்குக் காரணமான காசு தங்கமாக மின்னும் என்று நினைத்திருப்பாள்.

தெகுவானுக்குக் கோபம் பொங்கியது, கூடவே சிரிப்பும். ஊர் ஊராகத் தேடிய மனுஷன், தன் முதுகில் ஓடிய காசை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கூத்தைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். அவரிடம் சொல்ல முடியாததுதான் தாங்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றான் ஹைபோ. "வெல போகுமா?"

ஒரு வார்த்தை போதும், திருட்டுப் பட்டம் இன்றோடு தீரும். அண்ணி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முதுகைக் கடைசியாக இழுத்துவிட்ட கை அது.

"ஓரம் தேஞ்சு போச்சுப்பா," என்றார் தெகுவான்.

ஆறு காசுகளை ஹோ பெரியவர் காட்டிய இடங்களில் வைத்தார். ஏழாவதாக அந்தப் பெரிய காசை, வலது தோள்பட்டை வரும் இடமாகப் பார்த்து, எழுத்து மேலே தெரிய வைத்தார். மேலே மெத்தை விரித்தார்கள். தெகுவான் தலைப்பக்கமும் ஹைபோ கால்பக்கமும் பிடித்து உடலை இறக்கினார்கள்.

"சரியா இருக்கா?" என்றார் ஹோ பெரியவர்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்," என்றார் தெகுவான்.

நகர்த்திப் படுக்கவைத்தார்கள்.