இருபத்திரண்டாவது கேள்வி

படிவத்தில் மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். ஒன்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். என் அலுவலக மேசையில், ஆறிப்போன காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு இடத்தில்கூடப் பேனாவை நிறுத்தாமல் எழுதினேன். என் தம்பியைப் பற்றி என்னைவிட யாருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது என்ற திமிர். அதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் கட்டட வரைவாளர். நகர நூலகத்துக்குப் புதுக் கட்டடம் வடிவமைக்கும் வேலை எங்கள் ஆர்க்கிடெக்டுக்குக் கிடைத்தபோது, அந்த நூலகத்தில் என் தம்பி பதினோரு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வாசகர்கள் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் அலமாரிக்கும், கிழிந்திருந்தால் தைப்பதற்கும் அனுப்புவது அவன் வேலை. காபிக் கறை, காணாமல்போன பக்கம், நடுவில் மறந்து வைத்த ஹேர்பின் எதுவும் அவனுக்குத் தப்பாது. பதினோரு வருடத்தில் மூன்றே மூன்று தவறு. அந்த மூன்று புத்தகங்களின் பெயரும் தேதியும் அவனுக்கு மனப்பாடம்.

வீட்டில் அவனுக்கு நீதிபதி என்று பெயர். பொய் சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லித் தீர்ப்பை வழங்கிவிடுவான். எனக்கு மாமியாராக வரவிருந்த அம்மாளிடம் ஒருமுறை, “நீங்க பேசுற மாதிரியே அக்கா பேசிக் காட்டுவா” என்று சொல்லிவிட்டான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. நல்லதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லை மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது ஒன்பது. அதுவரை எங்களுக்கு அவன் வெறும் பிடிவாதக்காரன்.

புதுக் கட்டடம் எல்லோருக்குமானதாக இருக்க வேண்டும் என்பதில் ஆர்க்கிடெக்ட் உறுதியாக இருந்தார். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆசைப்பட்டார். அதற்குத்தான் அந்தப் படிவம். ஒளி, ஒலி, வாசனை, கூட்டம் என்று எதெது ஒருவரைத் தொந்தரவு செய்கிறது என்று கேட்கும் கேள்விகள். ஊழியர் தாமே நிரப்பலாம், அல்லது குடும்பத்தில் ஒருவர் நிரப்பலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது போதாதா?

அம்மா மிக்ஸி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பிள்ளை அவன். தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான். பழைய நூலகத்திலோ அவன் மேசைக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு ப்ளோயர் இருந்தது. கட்டடம் முழுக்கக் காற்றனுப்பும் கிழட்டு இயந்திரம், காலையிலிருந்து மாலைவரை உறுமிக்கொண்டே இருக்கும். ஒரே ஒருமுறை அங்கே போய், பத்து நிமிடத்தில் தலைவலியோடு வெளியே வந்தேன். இந்த நரகத்தில் என் தம்பி பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறானே என்று அன்று பேருந்தில் அழுதேன்.

அதனால் படிவத்தில் “முழு அமைதி வேண்டும்” என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். கடைசிக் கேள்வி, இப்போதைய இடத்தில் மாற்றவே கூடாதது ஏதாவது உண்டா என்பது. “எதுவும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அவன் வேலை செய்யப்போகும் அறையை நானே வரைந்தேன். இரட்டைச் சுவர், நடுவில் சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிக் கம்பளி. தரைக்கு அடியில் ரப்பர், வெளியே லாரி போனாலும் அதிர்வு ஏறாமல் இருக்க. துடிக்காத விளக்கு. கதவின் நான்கு பக்கமும் அடைப்புப் பட்டை. ஊழியர் மாடிக் கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின்கூட வேண்டாம், துண்டு வைத்தால் போதும் என்று சண்டை போட்டு வாங்கினேன். ஆர்க்கிடெக்ட் என் வரைபடத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

தம்பியிடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

“கதவு அகலம் எண்ணூத்தம்பது மில்லிமீட்டர்னு எழுதியிருக்கு. அளந்தா எண்ணூத்து நாப்பதுதான் வருது.”

அளந்து பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி. சிரித்துக்கொண்டே திருத்தினேன். வேறு எதுவும் சொல்லாததால் பிடித்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

புதுக் கட்டடத்துக்குப் போன நான்காவது வாரம் நூலகர் எனக்குத் தொலைபேசினார். அதட்டத் தெரியாத மனுஷி. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார், லிஃப்டைப் பற்றிப் பேசினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ்த்தளத்துல பப்ளிக் டாய்லெட் இருக்கு பாருங்க, தம்பி அங்க போய் நின்னுக்கிறாரு. கை காயவைக்கிற மெஷினைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கிட்டே. நேத்து ஒரு மணி நேரம். ரெண்டு பேர் புகார் எழுதியே குடுத்துட்டாங்க.”

“என் தம்பியா? அவன் அந்தச் சத்தத்துக்கு நூறடி தள்ளி ஓடுவானே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். படிவத்துல அப்படித்தானே இருந்துச்சு. இன்னொண்ணும் இருக்கு. இந்த மாசம் பதினேழு புத்தகம் கிழிசலோட அலமாரிக்குப் போயிருக்கு. புது இடத்துல எல்லாருக்கும் மூணு மாசம் பாத்துட்டுத்தான் மேலிடத்துக்கு எழுதணும். நான் என்னன்னு எழுதுவேன், சொல்லுங்க.”

அன்று மதியமே போனேன். கழிப்பறை வாசலில் நின்ற காவலாளி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே மெஷின் ஓடி நிற்பதும், ஓடி நிற்பதுமாக இருந்தது. கூப்பிட்டதும் தம்பி வந்துவிட்டான். கை இரண்டும் எலும்புபோலக் காய்ந்து, விரல் முட்டிகளில் வெடித்திருந்தன.

“என்னடா பண்றே இங்க?”

“இது ஓடுனா வேற எதுவும் கேக்காது. ஆனா இருவத்தஞ்சு செகண்டுல நின்னுடுது.”

அவனோடு மாடியேறி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என் வேலைப்பாடு அத்தனை சுத்தம், சின்ன சத்தம்கூட வரவில்லை. அதுவரைக்கும்கூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“இங்க என்னடா கேக்குது உனக்கு?”

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்குவது. விளக்கின் கம்பி ரீங்கரிப்பது. தன் வயிறு. தான் எச்சில் விழுங்குவது. என் கைக்கடிகாரம். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தப்போகிறார்களா இல்லையா என்று காத்திருப்பது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்றான், ஏனென்றால் அது எப்போது வரும் என்று தெரியாது.

“பழைய இடத்துல ப்ளோயர் ஓடும். அது ஒரே மாதிரி. மேசையிலயும் வரும், கைய வச்சா தெரியும். அது இருந்தா பக்கத்தை மட்டும் பாக்கலாம்.”

“அப்ப அது உனக்குப் பிடிச்சிருந்துச்சா?”

“ஆமா.”

“ஏண்டா என்கிட்ட சொல்லலை?”

“நீ கேக்கலை.”

“வரைபடத்தைக் காட்டினேனேடா.”

“வரைபடத்துல தப்பு இருக்கான்னு கேட்டே. கதவு தப்பா இருந்துச்சு, சொன்னேன்.”

அப்படித்தான் கேட்டிருந்தேன். என் நாக்குதான், என் வார்த்தைதான்.

மறுநாள் பழைய கட்டடத்துக்கு ஓடினேன். பாதிச் சுவர் இறங்கியிருந்தது. இடிக்கிற வேலையை மேற்பார்த்த மேஸ்திரியிடம் ப்ளோயரைக் கேட்டேன்.

“அந்த உறுமுற மெஷினா? போன வாரமே வெட்டி எடைக்குப் போட்டாச்சும்மா. அத எதுக்குத் தேடுறீங்க? இருக்கிறவரைக்கும் எல்லாரும் திட்டிக்கிட்டுதானே இருந்தாங்க.”

பிறகு நான் செய்யாத கூத்து இல்லை. ஹெட்ஃபோன் வாங்கினேன், காதில் எதையும் மாட்ட அவனால் முடியாது, சட்டைக் காலரையே தாங்கமாட்டான். ப்ளோயர் மாதிரி ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். அரை நாள் கேட்டுவிட்டு, “நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை மொதல்ல இருந்து வருது, ஒட்டுன எடம் தெரியுது” என்றான். பெரிய மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்தேன், பக்கங்கள் பறந்தன. சுவர் பக்கம் திருப்பி வைத்தால் இரட்டைச் சுவரும் கம்பளியும் அதன் சத்தத்தைக் குடித்துவிட்டன. மேசையோ செத்துக் கிடந்தது, ரப்பர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அத்தனை கெட்டிக்காரத்தனமாக நான் வரைந்திருந்தேன்.

கடைசியாக ஆர்க்கிடெக்டிடம் போய் நின்றேன். அவன் மேசையைக் காற்று இயந்திர அறைக்குப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டேன்.

“புது மெஷின் சத்தமே போடாதேம்மா, நாமதானே தேர்ந்தெடுத்தோம்” என்றார். அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. “சுவரை வேணும்னா பிரிக்கலாம். ஆனா இந்தக் கட்டடம் விருதுக்குப் போயிருக்கு, அடுத்த மாசம் விருதுக் குழு அந்த அறையைப் பாக்கத்தான் வருது. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லேன்.”

பொறுத்துக்கொள் என்று வீட்டில் வந்து சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டான். நாற்பது நாள் என்றேன். கேட்டுக்கொண்டு உள்ளே போனான். மறுநாள் நூலகரிடம் அவன் கொடுத்த கடிதத்தின் நகலை என்னிடமும் கொடுத்தான். அவன் எதைச் செய்தாலும் நகல் உண்டு.

“பழைய கட்டடத்தில் பதினோரு ஆண்டுகளில் என் தவறுகள் மூன்று. புதிய கட்டடத்தில் ஐந்து வாரத்தில் இருபத்தொன்று. இன்னும் நாற்பது நாளில் இது கூடும். கிழிந்த புத்தகம் வாசகருக்குப் போகக் கூடாது. எனவே எனக்கு இந்த வேலைக்குத் தகுதியில்லை. விலகுகிறேன்.”

“இத திரும்ப வாங்கிடலாம்டா. தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. நான்தான் கேக்காம எழுதுனேன், நான்தான் வரைஞ்சேன்.”

“புக்கைப் பாத்தது நான்.”

“டேய், நான் சொல்றதக் கேளு.”

“இருவத்தொண்ணும் நான் பாத்த புக்கு, அக்கா.”

எத்தனையோ பேரோடு வாதாடி ஜெயித்திருக்கிறேன். ஒப்பந்தக்காரர்கள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள். அன்று அவன் கொடுத்த நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நூலகர் கடிதத்தை ஒரு வாரம் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வாரமும் தம்பி வேலைக்குக் கிளம்பவில்லை. கடிதம் கொடுத்த பிறகு போவது முறையில்லை என்றான்.

இப்போது காலையில் குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். உள்ளங்கையை மூடிமேல் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறான். அம்மா துணியே போடாமல் மெஷினை ஓடவிடுகிறாள். ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை அது நின்றுவிடும். அம்மா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து மறுபடி அழுத்துகிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை, அவளும் என்னைப் பார்ப்பதில்லை.

விருதுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் என் மேசைமேல் மறுபடி ஒரு படிவம் இருந்தது. அறையைப் பயன்படுத்தியவரின் கருத்து. இருபத்திரண்டு கேள்விகள். ஊழியர் அல்லது குடும்பத்தில் ஒருவர். இந்தமுறை பேனாவைத் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

“நீயே எழுதுடா. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது.”

மூடிமேல் தாளை வைத்து, மெஷினின் அதிர்வில் கோணல்மாணலாக எழுதினான். அறை அமைதியாக இருந்ததா? ஆம். விளக்கு துடிக்காமல் இருந்ததா? ஆம். கதவின் அகலம் போதுமானதா? ஆம், எண்ணூற்றைம்பது. ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி ஆம், ஆம் என்று எழுதிக்கொண்டே போனான். என் அறைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தந்துவிட முடியாது.

கடைசிக் கேள்வி, இந்த இடத்தில் மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா என்பது. பேனா நின்றது. எழுதுடா, எழுது, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுவரை நானே இடிக்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவன் எழுதினான்: “நான் இப்போது அங்கே இல்லை. அங்கே இருப்பவரைக் கேட்கவும்.”

மெஷின் நின்றது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.