பிறந்தநாள் பாலம்

சவப்பெட்டியின் தலைமாடு வாசலுக்குள் வந்துவிட்டது, கால்மாடு இன்னும் வெளியிலேயே நின்றது. முன்னால் பிடித்திருந்த இருவரும் கூடத்தில் குறுக்கே நின்ற பாலத்தில் முட்டிக்கொண்டு முழித்தார்கள்.

"பாத்து, பாத்து! அண்ணன் கட்டினது, இடிச்சிடப் போறீங்க" என்று சித்தப்பா பதறினார். பெட்டிக்குள் படுத்திருந்த அண்ணனைப் பற்றி அவ்வளவு பதற்றமில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் பழகிப்போயிருந்தது.

பாலம் மார்பளவு உயரத்தில் சுவருக்குச் சுவர் நீண்டு கிடந்தது. துளை போட்ட தகரப் பட்டைகள், நட்டு, போல்ட்டு, குட்டிக் குட்டிச் சக்கரங்கள். பிள்ளைகள் விளையாடும் சாமான்தான். இரண்டு முனையும் சுவரில் பதிந்திருந்ததால் அப்படியே தூக்கி ஓரமாக வைக்கவும் வழியில்லை. சமையலறைக்குப் போகிறவர்கள் அதற்கடியில் குனிந்துதான் போக வேண்டும். அம்மாவுக்கு ஏன் கூன் விழுந்தது என்பதற்கு டாக்டர் மட்டும் வேறென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் செட் அண்ணன் தன் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. "நீ சின்னப் புள்ள, தொலைச்சிருவ. அப்பா செஞ்சு காட்டறேன், பாரு" என்று உட்கார்ந்த மனிதர் முப்பத்தேழு வருடம் எழுந்திருக்கவில்லை. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் பெயரைச் சொல்லி இன்னொரு செட் வரும். அட்டைப்பெட்டி அவளுக்கு, சாமான் அவருக்கு.

ஒன்பது வயதில் ஒருநாள், அவர் டிப்போவுக்குப் போயிருந்தபோது, ஒரே ஒரு சக்கரத்தை அவளே மாட்டினாள். விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றியது. நான் செய்தது, நான் செய்தது என்று மனசு துள்ளியதில் அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை. சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தச் சக்கரத்தைக் கழற்றி, துணியால் துடைத்து, அதே இடத்தில் தன் கையால் மாட்டினார்.

இப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ரிப்பேர் பார்க்கிறாள். கடுகு மாதிரித் திருகாணியெல்லாம் அவள் விரல் சொன்னபடி கேட்கும். போன வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, பாலத்தை எந்த முனையிலிருந்து கழற்றுவது என்றுதான் யோசித்தாள். எல்லாவற்றையும் கழற்றி ஒரு ராட்டினம் செய்ய வேண்டும். பாவம்தான். ஆனாலும் அப்படித்தான் யோசித்தாள்.

"இத எடுத்தாத்தாங்க பெட்டிக்கு எடம்" என்றார் பெட்டிக்காரர்.

"ஒடைச்சிடலாமா? சுத்தியல் கெடக்கும்" என்றார் சித்தப்பா.

"ஒடைக்கக் கூடாது! நான் கழட்டறேன். ஒரு மணி நேரம் குடுங்க, போதும்."

குரலில் ஏறிய சந்தோஷத்தை அவளால் அடக்க முடியவில்லை. அழுகிறாள் என்று நினைத்து சித்தப்பா தோளைத் தட்டிக் கொடுத்தார். பெட்டியைப் பின்னுக்கு இழுத்து வெளியே இரண்டு நாற்காலிகள் மேல் வைத்தார்கள்.

முதல் நட்டு அசையவில்லை. துரு என்று நினைத்தாள். அடுத்ததும் அசையவில்லை, அதற்கடுத்ததும் அப்படியே. குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். நட்டைச் சுற்றி ஏதோ பளபளவென்று உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். பசை. உடைந்த பிரேமுக்குக் கடையில் அவளே போடுகிற பசைதான், ஒட்டினால் ஒட்டினதுதான்.

"அது வராதும்மா."

பாலத்துக்கு அந்தப் பக்கம், டீ டம்ளரோடு அம்மா நின்றிருந்தாள்.

"போன மாசம் பூரா அதான் வேலை. ஒரு நட்டுக்கு ஒரு சொட்டு. கை நடுங்கும், ஆனாலும் விடல. 'நான் கண்ண மூடினா அவ கழட்டிருவா'ன்னாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது? கண்ணு தெரியலன்னாரு. டார்ச் புடிச்சேன்."

மகளுக்குச் செத்துப்போன மனுஷனை உலுக்கி எழுப்பி, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவிடம் கேட்க ஒன்றுமில்லை. அம்மா டீயைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

பெட்டிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வெயில் ஏறுதுங்க. வண்டி ஷெட்டுல வெச்சுக்கலாம். தூக்குங்கப்பா" என்றார். பழைய ஸ்கூட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் பெட்டியோடு அண்ணனை வைத்தார்கள். வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே சுற்றி நின்றார்கள்.

மகள் போகவில்லை. எப்படியும் இரண்டாயிரம் நட்டு இருக்கும். அப்பாவுக்கு நடுங்குகிற கை, மங்கின கண். டார்ச் பிடித்தவளுக்கும் கை வலித்திருக்கும், ஒரு நேரம் தூங்கி வழிந்திருப்பாள். ஒன்றையாவது பசை போடாமல் விட்டிருப்பார்கள். அவள் சுவரோரத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்தாள். நாற்பதாவது வந்தபோது கட்டைவிரல் நகம் பிளந்தது. தொண்ணூறில் ஸ்பேனர் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்தாச்சும்மா, எடுக்கப் போறோம்" என்று சித்தப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். "கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்துக்க, வா."

"தோ வந்துட்டேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, நூற்றுப் பதினாறாவது நட்டில் ஸ்பேனரை வைத்தாள்.