லாசரோஸ் வீட்டை விற்ற விதம்

வீடு பார்க்க ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து லாசரோஸ் நெத்திலி பொரித்தார். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

தரகு வேலை செய்யும் மிரியம் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். "சார், உங்களை வெளியே போயிருக்கச் சொன்னேனே. வர்றவங்க வீட்டைப் பார்க்கணும், உங்க மீனை இல்லை."

"மீன் நாத்தம் தாங்காதவன் எப்படி இங்க குடியிருப்பான்?"

"நீங்க விக்கிறீங்களா, விரட்டுறீங்களா? அதை மொதல்ல சொல்லுங்க."

அதைத்தான் அவரால் சொல்ல முடியாது. விற்கப்போகிறேன் என்று கிளப்பிவிட்டது விற்பதற்காக இல்லை. மகள் வாசிலிகி ஓடி வந்து, "அப்பா, விக்காதீங்க, எனக்குக் குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும் என்றுதான். கேட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பார். அவளோ, "உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று போனிலேயே முடித்துவிட்டாள்.

மன்ஹாட்டனில் வெஸ்ட் எண்ட் அவென்யூ, ஒன்பதாம் மாடி. ஊர் கெட்டுக்கிடந்த காலத்தில், காசுள்ளவன் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஃபர் கோட்டுப் பட்டறையில் தோல் தைத்துக்கொண்டிருந்த லாசரோஸ் இங்கே வாடகைக்கு வந்தார். பிறகு வீட்டையே வாங்கினார். மூன்றாம் வகுப்போடு கிரேக்க நாட்டை விட்டு வந்த மனிதருக்கு அது சின்னக் காரியமில்லை. மனைவி எவாந்தியா இறந்துபோன பிறகும் அவர் எந்த அறையையும் பூட்டவில்லை.

விளம்பரத்தில் 'யுத்தத்துக்கு முந்திய வீடு' என்று மிரியம் போட்டிருந்தாள்.

"எந்த யுத்தம்?"

"பழசுன்னு அர்த்தம் சார். பழசுக்குத்தான் இங்க மவுசு."

"அப்ப எனக்கு ஏன் மவுசு இல்லை?"

மகள் கேட்காததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். மருமகன் பிரெண்டன் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முதலாகச் சாப்பிட வந்த அன்று, நடையில் நின்று சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். கட்டட என்ஜினியர், கை சும்மா இருக்காது. ஆனால் லாசரோஸ் கண்ணுக்கு அது மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அவன் உன்னைக் கட்டிக்கலை, இந்தச் சுவத்தைக் கட்டிக்கிட்டான். ஒரு செங்கல் அவனுக்குக் கிடையாது" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு மகள் பண்டிகைக்கு வருவாள், தனியாக. வீட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

மீன் வாசனையையும் மீறி இரண்டு பேர் விலை கேட்டார்கள். அதிக விலை ஒரு வக்கீல் மூலமாக வந்தது. வாங்குகிறவர் பெயரைப் பேரம் முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். குறைந்த விலை, முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த ஓர் இளம் தம்பதி கேட்டது.

"வக்கீலுக்கே குடுத்திடலாம் சார்," என்றாள் மிரியம். "நல்ல விலை."

"மூஞ்சியைக் காட்டாதவனுக்கா? திருட்டுப் பணமா இருக்கும்."

அந்தக் கட்டடத்தின் வழக்கமும் அதுதான். யார் வாங்க வந்தாலும் குடியிருப்பவர்களின் கமிட்டி நேரில் கூப்பிட்டுப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடும், காரணம் சொல்லாது. அந்தக் கமிட்டியில் லாசரோஸ் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பெயரை மறைத்து வருகிறவனை வாசலோடு அனுப்புவதில் அவர்தான் முதல் ஆள். தம்பதிக்கே கையெழுத்துப் போட்டார். போடும்போதும் ஒரு காது போன் பக்கம்தான் இருந்தது.

கமிட்டி அந்தத் தம்பதியைக் கூப்பிட்டிருந்த நாளில், அம்மாவின் பீங்கான்களைக் கட்டி எடுத்துப்போக வாசிலிகி வந்தாள். ஒவ்வொரு தட்டாகக் காகிதத்தில் சுற்றினாள்.

அவரால் அடக்க முடியவில்லை. "பொறந்து வளந்த வீடு. ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேட்டேனேப்பா."

"எப்போ?"

"வக்கீல் வெச்சுக் கேட்டேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ஏண்டி, பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா பிரெண்டனுக்கு ஒரு செங்கல் கிடையாதும்பீங்க. விலை படிஞ்சதும் நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன். அவர்தான் சொன்னார், உங்கப்பாவைக் கிளப்பக் கூடாது, அவர் ரூம்ல அவர் பாட்டுக்கு இருக்கட்டும், நாம மத்த ரூம்ல இருந்துக்கலாம்னு."

"அவனா சொன்னான்?"

"அவர்தான்."

லாசரோஸ் எழுந்தார். "ஒண்ணும் கெட்டுப்போகலை. சாயங்காலம் கமிட்டியில நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"வேணாம்ப்பா."

"உனக்காகத்தாண்டி!"

"அந்தப் பொண்ணு மாசமா இருக்காமே. அது என்ன தப்புப் பண்ணுச்சு? இப்படி ஒரு வார்த்தையில எத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க? அப்படி வர்ற வீடு எங்களுக்கு வேணாம்." கடைசித் தட்டைச் சுற்றி வைத்தாள். "நாங்களும் வேற இடம் பேசி முடிச்சாச்சு. நியூ ஜெர்சியில."

சாயங்காலம் அந்தத் தம்பதி கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு கமிட்டி முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஹாவிலாண்டம்மா கேள்விகளை முடித்துவிட்டு லாசரோஸ் பக்கம் திரும்பினார். "உங்க வீடுங்கிறதால உங்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனா ஏதாவது குத்தம் சொல்லாம விட மாட்டீங்களே, சொல்லுங்க." மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

லாசரோஸ் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். "நல்ல பிள்ளைங்க," என்று மட்டும் சொன்னார்.

மேலே வந்து மகளுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணும் சொல்லலை. அவங்களுக்கே ஆச்சு."

"சரிப்பா. நல்லது."

"அஸ்டோரியாவில, நம்ம கிரேக்கக்காரங்க இருக்கிற பக்கம், ஒரு ரூம் வாடகைக்குப் பார்த்திருக்கேன். லிஃப்ட் இல்லை, மாடிப்படி ஏறணும்."

"ம்."

அந்தப் பக்கம், "யாரு, மாமாவா? சாப்பிட்டாரான்னு கேளு" என்று பிரெண்டன் குரல் கேட்டது. நியூ ஜெர்சி வீட்டில் எத்தனை அறை என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. அவளாகச் சொல்லட்டும், அப்பா நீங்களும் வந்துடுங்க என்று அவளாக ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அவளும் எதற்கோ காத்திருப்பது போலப் பேசாமல் இருந்தாள்.

"சாப்பிட்டேன்னு சொல்லு. வெச்சிடறேன்," என்றார்.