ஆறாவது தாவலின் கோடு

பயிற்சியாளர் போடோ கிராலுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ஓடத் தயாராக நின்ற ஃபோல்க்மாரின் தொடைகளில் பளார் பளாரென்று அறைந்தார்.

"முழிடா எருமை! மாஸ்கோ போட்டிக்கு ஒரே எடம்தான் பாக்கி. இல்லன்னா போய் உருளைக்கிழங்கு உரி!"

ஃபோல்க்மார் பதிலுக்கு அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டான். இருவரும் சிரித்தார்கள். லைப்ஸிக் நகரின் அந்த உள்ளரங்கில் அன்பு அப்படித்தான் வெளிப்படும்.

நான் ஹார்ட்விக், அளப்பவன்; முனைவர் பட்டம் வாங்கியதால் இங்கே எல்லோருக்கும் 'டாக்டர்'. ஓடுபாதையின் ரப்பருக்கு அடியில் ஒரு விசைப் பலகையைப் புதைத்திருந்தோம். மும்முறைத் தாண்டுகிறவன் எழும்பிய காலிலேயே இறங்கும் இரண்டாவது மிதி அதில் விழும். எவ்வளவு பலமாக மிதித்தான் என்பது ஒரு கம்பி வழியாக வர, என் மேஜையிலிருக்கும் பேனா அதைக் காகிதத்தில் கோடாக இழுக்கும். பலகை எங்கே என்று அவனுக்குச் சொல்ல மாட்டோம். தெரிந்தால் குறிவைத்து மிதிப்பான், அளவு பொய்யாகிவிடும். பாதம் விளிம்பைத் தாண்டினால் அந்தத் தாவல் செல்லாது, மறுபடி ஓட வேண்டும். அன்று எனக்குச் செல்லுபடியாகும் தாவல்கள் ஐந்து தேவை. ஐந்து முறை ஓடியதில் நான்குதான் தேறின.

ஆறாவதில் பாதம் பலகையின் நடுவில் விழுந்தது. ஆனால் கோடு ஏறும்போதே பாதியில் சரிந்து, குழிந்து, பிறகு ஏறியிருந்தது. முந்தைய நான்கிலும் அந்தக் குழி இல்லை. எங்கள் தொழிலில் முதல் சந்தேகம் கம்பி மேல்தான். மனிதன் மேல் சந்தேகம் வர நேரமாகும்.

"செல்லாது," என்றேன். "கம்பி ஆடுதுன்னு நினைக்கிறேன். இறுக்கிட்டேன். இன்னும் ஒண்ணு."

"யோவ் டாக்டர், அந்தக் கம்பியாலயே உன்னைத் தூக்குல போடணும்யா!" என்று கத்தினான் ஃபோல்க்மார்.

அவன் வலது காலில் மட்டும் நின்றிருந்தான். பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேனாவுக்கு மை ஊற்றினேன்.

"வலிக்குதாடா?" என்றார் கிரால். "சொல்லு, அந்த ரோஸ்டாக் ஊருப் பயலுக்கு எடத்தைக் கொடுத்துடலாம்."

"வலிக்கலன்னு சொல்றேன்ல!"

ஓடினான். இடது காலில் எழும்பி இடது காலிலேயே இறங்கினான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த சத்தம் கேட்டது. கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. உருண்டு போய் மணற்குழியின் ஓரத்தில் தலை மோதிக் கிடந்தான். அவன் போட்ட கூச்சலில் அரங்கமே உறைந்தது. கிரால் தன் சட்டையைக் கழற்றி ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எங்கள் துறைத் தலைவர் நாகெல் ஓடி வந்தார். காலைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்.

"அற்புதம்! எலும்பு முறியற கணம் அப்படியே இருக்கு. இதை யாருமே பிடிச்சதில்ல. முதல்ல ரெண்டு பிரதி எடு."

அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து மேஜையில் மோதினேன். மூக்கு உடைந்தது. இரண்டு பேர் என்னைப் பிரித்து இழுத்தார்கள். அடிக்க வேண்டிய ஆள் அவர் மட்டும் இல்லை என்பது மறுநாள் கம்பியைச் சோதித்தபோது உறுதியாயிற்று. கம்பியில் ஒரு குறையும் இல்லை. எலும்பில் பல வாரங்களாகவே விரிசல் இருந்ததாம், மருத்துவர் சொன்னார். ஆறாவதில் அந்தக் கால் ஒரு கணம் பின்வாங்கியிருக்கிறது. நான் அதைப் படித்திருந்தால் ஓய்வோடு போயிருக்கும். இனி அவன் தாண்டப் போவதில்லை.

நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"வாய்யா டாக்டர். அந்த ஏழாவதாச்சும் செல்லுமா?"

"செல்லும். ஆறாவதும் செல்லும். கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. உன் கால் அப்பவே சொல்லிடுச்சு, எனக்குத்தான் படிக்கத் தெரியல."

அவன் முகம் இறுகியது. "கிட்ட வா."

போனேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாயில் குத்தினான். உதடு கிழிந்தது, ஒரு பல் நாக்கில் விழுந்தது. செவிலி ஓடி வந்தாள். விடுங்கள் என்று நானே கை காட்டினேன்.

"நான் வலியை மறைச்சதாலதான் கால் போச்சுன்னு நாலு நாளா என்னையே கொன்னுக்கிட்டிருக்கேன்டா, பாவி!"

இரண்டாவது குத்து மூக்கில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை.