பொட்டு வைத்த ரம்பம்

ரம்பம் பார்த்து வாங்குவதில் தன்னை மிஞ்சக் கிள்ளான் பட்டணத்தில் ஆளே இல்லை என்று அய்யாவுக்கு ஒரு நினைப்பு. நினைப்பில் பாதி நிஜமும்கூட. மீதிப் பாதிதான் ஆளைத் தின்றது.

ரப்பர் விலை தாறுமாறாக ஏறியிருந்த வருஷம். பக்கத்துப் பூச்சோங்கில் ரப்பர் நடக் காடு வெட்ட ஆள் எடுத்தார்கள். அய்யாவும் தங்கை புருஷன் கன்னையாவும் வேலைக்குப் பேசிவிட்டு, இரண்டு பேர் இழுக்கும் ரம்பம் தேடி நாகையாவின் பழைய இரும்புக் கடைக்கு வந்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள். கடையில் இருந்த அத்தனை இரும்பிலும் சந்தனமும் குங்குமமும்.

அய்யாவு ஒற்றைக் கண்ணை மூடி ரம்பத்தின் விளிம்பைப் பார்த்தான். கோணல் இல்லை. வில்லாக வளைத்து விட்டான், துள்ளி நிமிர்ந்தது. சுண்டினான், ஓசை சுத்தம். அப்புறம் ஒவ்வொரு பல்லின் அடியிலும் நகத்தை ஓட்டினான். விரிசல் பிறப்பது அங்கேதான். சின்ன விரிசல் கண்ணை ஏமாற்றும், காதையும் ஏமாற்றும்; நகத்தை ஏமாற்ற முடியாது. நடுவில் ஓரிடத்தில் சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது. அதை மட்டும் நகம் தாண்டிப் போனது.

“மச்சான், அங்கயும் பாத்துருவோம்” என்று கன்னையா கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைக்கப் போனான்.

அய்யாவு அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டான். “பூச போட்ட பொட்ட அழிக்கிறியா? ஆயுதம் நம்மளயே காவு கேக்கும்!”

“நல்லா சொன்னீங்க அண்ணே” என்று நாகையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். கன்னையா கையைத் தடவிக்கொண்டே ரம்பத்தைத் தூக்கித் தோளில் வைத்தான்.

அந்த வாரமே அது நடந்தது. ரம்பம் ஒரு பெரிய மரத்தில் பாதி தூரம் இறங்கியிருந்தது. கன்னையா தம் பிடித்து இழுத்தான். படீரென்று நடுவில் முறிந்தது. அவன் மல்லாக்க விழ, கையோடு வந்த பாதி ரம்பம் தொடையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் பீறிட்டது. அய்யாவு தலைத்துண்டை இறுக்கிக் கட்டினான், வேட்டியைக் கிழித்துக் கட்டினான், எதற்கும் அடங்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பாதைக்குச் சேற்றில் ஓடினான். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி போய்ச் சேருமுன் கன்னையாவின் உயிர் போய்விட்டது.

கூட வேலை பார்த்தவர்கள் வண்டியில் தூக்கிப் போட்டிருந்த முறிந்த துண்டை அய்யாவு அப்போதுதான் பார்த்தான். முறிந்த இடத்தில் ஒரு பகுதி பளபளவென்று புதிது. மற்றது கறுத்த பழைய விரிசல். அதற்குள் சந்தனம்.

பிணத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அந்தத் துண்டோடு கடைக்குப் போனான். நாகையாவின் முடியைப் பிடித்து இழுத்து முகத்தைத் தராசில் மோதினான். பல் தெறித்தது. மறுபடியும் மோதினான். கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார்ந்து, ரம்பப் பல்லைக் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

“தெரிஞ்சுதான் பூசுனேன்” என்று நாகையா ரத்தத்தைத் துப்பினான். “வாங்குறவன் தொடச்சிப் பாத்துருவான்னு பயந்துகிட்டேதான் இருந்தேன். தொடைக்க வந்தவன் கைய நீதானே அடிச்ச!”

அய்யாவு அறுக்கவில்லை. பூசிய கையை வாசல் கல்லில் இழுத்து வைத்து எலும்பு நொறுங்கும்வரை மிதித்தான். நாகையா அலறினான். அய்யாவுக்கு ஆத்திரம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

தங்கை புஷ்பவல்லி தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அண்ணன் உடம்பெல்லாம் ரத்தம் கண்டு எழுந்தாள்.

“எங்கண்ணே அவரு?”

அய்யாவு ஒன்றையும் மறைக்கவில்லை. கடை, பொட்டு, தான் விட்ட குத்து, காடு, வண்டி, எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. ஒரு விறகுக் கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதில். அவன் மண்டியிட்டான், கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள், உதறிவிட்டு அடித்தாள்.

நாகையா கொடுத்த புகாரில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அய்யாவுவின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“சித்த நில்லுங்கையா” என்றாள் புஷ்பவல்லி, மூச்சு வாங்க. “நான் இன்னும் முடிக்கல.”

அய்யாவு போலீஸ்காரரின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மறுபடியும் அவள் முன்னால் மண்டியிட்டான்.