கண்ணாடிச் சுவரும் பதினெட்டுத் தொட்டிலும்

துரைமார் அந்தக் கட்டடத்துக்கு என்ன பேர் வைத்தார்களோ தெரியாது, நாங்கள் வைத்த பேர் தீப்பெட்டி. ஓடு கிடையாது, தகரம் கிடையாது, சரிவு கிடையாது. மேலே பலகையைக் கவிழ்த்ததுபோல் தட்டையாகச் சிமெண்டு. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற மலையில் இப்படிக் கூரை போட்டவன் மழையைப் படத்தில்தான் பார்த்திருப்பான் என்று என்னோடு கொழுந்து எடுக்கிற பூமாரி சொல்லிச் சிரித்தாள். உள்ளே தூண் இல்லை, விட்டம் இல்லை, சுவரில் ஒரு பூ வேலை இல்லை. எல்லாம் வெள்ளை. தேயிலைச் சரிவைப் பார்த்த பக்கம் மட்டும் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு முழுக்கக் கண்ணாடி. அதற்கு மேலே கூரையை ஒட்டி நீளமாகக் கம்பிவலை. அதை மூடக் கதவே வைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் காற்று வேண்டுமாம்.

முப்பத்தேழாம் வருஷம் கட்டினது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்களின் கைப்பிள்ளைகளைப் பகலில் வைத்திருக்க அதுவரை ஒரு தகரக் கொட்டகைதான் இருந்தது. சீமையில் படித்துவிட்டு வந்த இளம் இஞ்சினீயர் துரை அதைப் பிரித்துப்போட்டு இதைக் கட்டினார். கொழுந்து எடுக்கிற தாய் தலை நிமிர்ந்தால் அவள் பிள்ளை கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு கண்ணாடி என்று கங்காணியை விட்டு எங்களுக்குச் சொல்லச் சொன்னார். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தவளுக்குத்தான் புத்தி இல்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கத்தரீனாள் என்று ஒருத்தியை மலைக்குக் கீழே இருந்து கொண்டுவந்தார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்களாம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவளுக்கு வீடு தரவில்லை. கட்டடத்தோடு சேர்ந்த ஒரு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நாங்கள் பிள்ளைகளை வாங்க வரும்போது ஒவ்வொருத்தியிடமும் இரண்டு வார்த்தை பேசப் பார்ப்பாள். நாங்கள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டே பதில் சொல்வோம். வீட்டில் உலை வைக்க வேண்டாமா? அதுவும் உண்மைதான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததும் உண்மைதான்.

முதலில் இரும்புக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதில் படுப்பார்களா? தாயின் பழஞ்சேலையில் கட்டின தொட்டிலில் தூங்கிப் பழகினதுகள், மல்லாக்கப் போட்டதும் வீறிட்டுக் கத்தின. தொட்டில் கட்டலாம் என்றால் அந்தக் கூரையில் கயிறு போட ஒரு விட்டம் இல்லை. கத்தரீனாள்தான் இஞ்சினீயர் துரை வரும்போதெல்லாம் மேலே கையைக் காட்டிக் காட்டிக் கும்பிட்டாள். தன் வெள்ளைக் கூரையில் ஓட்டை போட அவருக்கு மனமே இல்லை. கடைசியில் பதினெட்டுக் கொக்கி அடித்துக் கயிறும் தொங்கவிட்டுக் கொடுத்தார். நாங்கள் ஆளுக்கு ஒரு சேலை கொண்டுபோய் எங்கள் கையாலேயே முடிச்சுப் போட்டோம். அதன் பிறகு ஒன்றரை மாதம் ஒரு பிள்ளை அழுது நான் கேட்கவில்லை. என் மகன் குருசாமி அவளைக் கண்டால் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

ஐப்பசியில் குருசாமிக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்று நாளாகியும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் அவனை லயத்தில் என் புருஷனிடம் விட்டுவிட்டு, தேயிலைக் காட்டில் மறந்து வைத்த சாக்கை எடுக்க மறுபடி மேலே போனேன். சரிவில் நின்று எதிரே பார்த்தேன். மேற்கு வெளிச்சம் கண்ணாடிக்குள் நேராக விழுந்து உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். பதினெட்டுத் தொட்டிலும் வெறுமனே தொங்குகின்றன. கத்தரீனாள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் கை வைக்கிறாள். தொட்டில்கள் ஆடுகின்றன.

வெறுந்தொட்டிலை ஆட்டினால் அந்தத் தொட்டிலுக்குரிய பிள்ளைக்கு வயிற்றுக் கேடு வரும். எங்களில் இது தெரியாதவர் கிடையாது. என் தொட்டில் மூன்றாவது. சிவப்புக் கரை வைத்தது. அவள் கை அதன்மேல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

லயத்துக்கு ஓடிவந்து, கண்ணால் பார்த்தேன் என்று பூமாரியிடம் சத்தியம் செய்து சொன்னேன். சோறு வடிக்கிற நேரத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் எட்டிவிட்டது. தன் பிள்ளை போன வயிற்றெரிச்சலில் அடுத்தவள் பிள்ளைக்குச் செய்கிறாள் என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சை நான் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. மறுநாள் ஒருத்தியும் பிள்ளையை அங்கே விடவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். கங்காணி தோட்டத்துப் பெரிய துரையிடம் போய், பெண்கள் அவளிடம் பிள்ளையை விட மாட்டார்களாம் என்றார். காரணம் கேட்கக்கூடத் துரைக்கு நேரமில்லை. விடிந்தால் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரியில் அவளை அனுப்பிவிடச் சொன்னார். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவள் போன பிறகு சேலைகளை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் என் சேலையை அவிழ்த்துவரத் தனியாகவே போனேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் காற்று அடித்தது. பகலெல்லாம் அந்த மேட்டில் இலை அசையாது. பொழுது சாய்ந்தால்தான் கீழே கம்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாகக் காற்று ஏறும். நாங்கள் ஒரு நாளும் அந்த நேரத்தில் அங்கே நின்றதில்லை. மூட முடியாத அந்தக் கம்பிவலை வழியாக அது சீறிக்கொண்டு உள்ளே வந்தது. தொட்டில்கள் தாமாக ஆடின. கத்தரீனாள் நடுவில் நின்று வலது கையால் ஒன்றையும் இடது கையால் ஒன்றையும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நின்றதும் அடுத்த இரண்டுக்குப் போனாள். அதற்குள் விட்டது மறுபடி ஆடியது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எப்படிச் சொல்வேன்.

"வா சந்தனம், வா தாயி. குருசாமிக்கு வயிறு எப்பிடி இருக்கு? அந்தக் கோடியில ஒண்ணு ஆடுது பாரு, செத்த பிடிச்சுக்கோ."

போய்ப் பிடித்தேன். பூமாரி மகளின் தொட்டில். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். காற்று அடங்குகிற வரைக்கும் தினமும்தான் என்றாள். சுருட்டிச் செருகினாலும் காற்று உதறிவிடுகிறதாம். அவிழ்த்து வைக்கலாம்தான், ஆனால் பெற்றவள் போட்ட முடிச்சைத் தான் அவிழ்ப்பது ஆகுமோ ஆகாதோ என்று விட்டுவிட்டாளாம். எங்களிடம் சொல்லலாமென்று தினமும் நினைப்பாளாம். நாங்கள் அவசரத்தில் நிற்பதைப் பார்த்து வாய் வராதாம். ஏன் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. துரைக்குத் தன் வேலை பிடிக்கவில்லை போல என்றாள்.

இரண்டு பேருமாகப் பிடித்தும் நாலுதான் நின்றது. பதினாலு ஆடிக்கொண்டிருந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் இதுகள யாரு பிடிப்பா, சந்தனம்?"

நான்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என் சேலையின் முடிச்சை அவிழ்த்து, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

லயத்து முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். லாரி கிளம்ப இன்னும் ஒரு ராத்திரி முழுசாக இருந்தது. பதினெட்டுப் பேரும் போய்க் கங்காணி காலில் விழுந்திருந்தால் துரை மனம் மாறியிருப்பார். கண்ணால் பார்த்தேன் என்று நேற்றுச் சத்தியம் செய்தவள் இன்று எந்த வாயால் மாற்றிச் சொல்வது? பூமாரி என் கையிலிருந்த சேலையைப் பார்த்துவிட்டு, அவ என்ன சொன்னா என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

காலையில் நாங்கள் மேல்காட்டில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்திருந்தபோது லாரி இறங்குகிற சத்தம் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன்.